மூன்றில் இரண்டு

பிறந்தநாள் கேக்கைக்கூட ஒரே ஆள் வெட்டி, அதே ஆள் பரிமாறுவதை எங்கள் தமிழ்ச் சங்கத்து அங்கிள் அனுமதிக்க மாட்டார். ஒருவர் வெட்ட வேண்டும், இன்னொருவர் முதல் துண்டை எடுக்க வேண்டும். வெட்டுகிறவர் கையிலேயே எடுக்கிற உரிமையும் இருந்தால் துண்டு சமமாக வராதாம். டூங்கபி புறநகரில் எங்கள் வீட்டில், என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று, மெழுகுவத்தி கேக்கின்மேல் உருகி வழிந்துகொண்டிருக்கும்போது, இருபது பேருக்கு இதை நின்று விளக்கினார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அழுகைதான் வந்தது. விருந்தாளிகள் இருந்ததால் சிரித்து வைத்தேன்.

அமெரிக்க அரசியலமைப்பு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த காலத்தில், ஊரடங்கு நாட்களில், அவர் வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகம் அட்டை கிழிந்த ஓர் அமெரிக்கப் பாடநூல். அரசாங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று கல்லூரி மாணவர்களுக்குச் சொல்வது. பதினாலு தடவை படித்தாராம். அந்த நேரத்தில் ஒரு சமையல் புத்தகம் கிடைத்திருந்தால் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம் என்பது அவர் மனைவியின் கருத்து. அன்ரி அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படித்தான்.

அமெரிக்காவுக்கு அவர் போனதே இல்லை. ஒருமுறை விசாவுக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"விசா தராதது நிறைவேற்றுத்துறை, பிள்ளை. அரசியலமைப்பிலை எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை."

எதற்கெடுத்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உந்த அதிகாரம் எங்கை எழுதியிருக்கு?" கோயில் அன்னதானத்தில் வரிசையை மாற்றிவிட்ட தொண்டரிடம் கேட்டார். லிட்கம் ஸ்டேஷனில் குடையை மடக்கச் சொன்ன ஆளிடம் கேட்டார். எங்கள் வீட்டில் டிவி சானலை மாற்றிய என் கணவரிடமும் கேட்டார். என் கணவருக்கு அதன்பிறகு அவர் வரும் நாட்களில் எல்லாம் அவசர வேலை வந்துவிடும்.

கிரவீனில் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சட்டம் இயற்றுவது அவர், நிறைவேற்றுவது அன்ரி. அன்ரிக்கு வீட்டோ அதிகாரம் உண்டு. அதை வெல்ல மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இரண்டு பேர் உள்ள வீட்டில் மூன்றில் இரண்டு என்றால் ஒன்றே கால் ஆளுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, அன்ரியின் வீட்டோவைத் தோற்கடிக்க அன்ரியே வாக்களித்தால்தான் உண்டு. இதை அன்ரி கல்யாணமான முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாராம். அங்கிள் இன்னும் ஏதோ வழி இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சிரிக்கலாம்தான். ஆனால் அவரோடு கொஞ்ச நாள் பழகினால் ஒன்று புரியும். யார் கையிலும் முழு அதிகாரம் இருக்கக்கூடாது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், தன் கையைத் தவிர. இவர் தன் கையையும் சேர்த்துத்தான் சொன்னார். தன்னையே சந்தேகப்பட்ட ஆண்பிள்ளை என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

2010இல் ஒரு நாள் காலையில் பார்த்தால் இந்த நாட்டில் பிரதமர் மாறியிருந்தார். கட்சிக்காரர்கள் கூடிப் பேசி ஆளை மாற்றிவிட்டார்கள். பத்து மணிக்கு அவரிடமிருந்து போன்.

"பிள்ளை, ரீவியைப் பாத்தனீங்களோ? ஒரு ராத்திரிக்குள்ளை மாத்திப்போட்டாங்கள்."

"ஆமா அங்கிள், பார்த்தேன். இங்க அப்படி மாத்தலாமாம்."

"குற்றச்சாட்டு? விசாரணை? மூண்டிலை ரெண்டு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அங்கிள்."

டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார். "நல்ல சனம். நல்ல சனம் எண்டதாலை கனக்க எழுதி வைக்கேல்லை. நல்ல சனம் எவ்வளவு நாளைக்கு நல்ல சனமா இருக்கும், சொல்லுங்கோ?" அடுப்பில் சோறு பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் மதுரைக்காரி. 2009இல் இந்த நாட்டுக்கு வந்தோம். இலங்கைத் தமிழர்கள் நடத்திய அந்தச் சங்கத்தில் நான் சேர்ந்ததற்கு ஒரே காரணம், எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு தெரியும். அப்போது சங்கத்தில் நாற்பத்தொரு பேர். முந்தைய தலைவர் பதினோரு வருடம் பதவியில் இருந்து, கடைசிப் பொங்கல் விழாவில் தன் மகளையே மூன்று நடனம் ஆடவைத்ததில் எல்லோருக்கும் வெறுத்துப்போயிருந்தது. இனி இப்படி நடக்காதபடி ஓர் அமைப்பு விதி எழுதித் தாருங்கள் என்று அங்கிளிடம் கேட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

அறுபத்திரண்டு பக்கம் எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். நாற்பத்தொரு பேருக்கு இரண்டு அவைகள். கீழவையில் எல்லோரும். மேலவையில் ஊருக்கு இரண்டு பேர், பெரிய ஊரானாலும் சின்ன ஊரானாலும் இரண்டுதான். பெரிய மாநிலம் சின்ன மாநிலத்தை விழுங்கிவிடக் கூடாது என்று அமெரிக்காவில் செய்த சமரசமாம் அது. எங்கள் சங்கத்தில் ஒன்பது ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அதில் ஓர் ஊருக்கு ஒரே ஒரு குடும்பம்தான். ஊர்ப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்தக் குடும்பத்துப் பரமேஸ்வரி அன்ரியும் அவர் கணவரும் ஆளுக்கொரு இடத்தில் மேலவையில் உட்கார்ந்தார்கள். பரமேஸ்வரி அன்ரி கை தூக்கினால் கணவர் தூக்க மாட்டார். அவர் தூக்கினால் இவர் தூக்க மாட்டார். அந்த ஊரின் குரல் இரண்டு வருடம் இப்படியே ஒலித்தது.

இந்தியத் தமிழர்களுக்கு ஊர் கிடையாது.

"நீங்கள் மாநிலமில்லை, ஆட்சிப்பகுதி, பிள்ளை. கதைக்கலாம். வாக்கு இல்லை."

"என்ன அங்கிள் இது, நியாயமா?"

"நியாயமில்லை. அமெரிக்காவிலையும் ஒரு தீவுக்காரர் அப்பிடித்தான் இருக்கினம். திருத்தம் ஒண்டு கொண்டுவருவம்."

அந்தத் திருத்தத்துக்கு இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு வேண்டும். பிறகு ஒன்பது ஊரில் ஏழு ஊர் ஒப்புதல் தர வேண்டும். தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. எனக்கு வாக்கு வாங்கித் தர ஒரு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார், தானே எழுதிய விதியைத் தானே சபித்துக்கொண்டு.

சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போவதற்கு மூன்று பூட்டு. அவைகள் அனுமதிக்க வேண்டும், தலைவர் கையெழுத்திட வேண்டும், சங்கத்தின் நீதிமன்றம் முத்திரை குத்த வேண்டும். சங்கத்தின் நீதிமன்றம் என்பது அங்கிள் ஒருவர்தான். மூன்று நீதிபதிகள் இருக்க வேண்டும். மற்ற இருவரின் நியமனத்தை மேலவை இரண்டு வருடமாக உறுதிசெய்யவில்லை. ஒற்றை ஆளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். ஆண்கள் வேட்டியில்தான் வர வேண்டும் என்ற தீர்மானம் செல்லாது. சுற்றுலா பஸ்ஸில் முன் இருக்கை நிர்வாகிகளுக்கு என்ற தீர்மானம் செல்லாது. பரமேஸ்வரி அன்ரி கொண்டுவந்த பாட்டுப் போட்டி விதி மூன்று முறை செல்லாது. மேலவையில் பாதிப் பேருக்கு அவர் தலையைக் கண்டாலே ஆகாது. அவருக்கோ அந்தப் பதவி அத்தனை பிடிக்கும். கூட்ட நாளில் முத்திரையைத் துணியில் சுற்றி, சட்டைப்பையில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அன்ரியும் தடுப்பு முகாமுக்குப் போவார்கள். படகில் புகலிடம் தேடி வந்தவர்களைப் பார்க்க. 2012இல் ஒருமுறை நானும் போனேன். கபிலன் என்று ஒரு பையன், இருபத்தேழு வயதிருக்கும், இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தான். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். அங்கிள் அவனுக்கு ஐந்தாம் திருத்தத்தை விளக்கிக்கொண்டிருந்தார். உரிய நடைமுறை இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக்கூடாது.

"அங்கிள், உது இஞ்சை செல்லுமோ?" என்று கேட்டான் கபிலன்.

"செல்லாது."

"அப்ப என்னத்துக்கு எனக்குச் சொல்லுறியள்?"

"உலகத்திலை ஒரு இடத்திலையாவது எழுதி வைச்சிருக்கு எண்டு தெரிஞ்சிருக்க வேணும், தம்பி."

"எழுதின இடத்திலை அப்பிடியே செய்யினமோ?"

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அடுத்த பாடம்," என்றார். கபிலன் சிரித்துவிட்டான். அங்கே போய் அவனைச் சிரிக்க வைத்துவிட்டு வருவதென்றால் லேசான காரியமில்லை.

அடுத்த மாதம் கபிலனின் வழக்கறிஞரிடமிருந்து செய்தி வந்தது. அவனை வெளியே விடுவதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். தங்க ஓர் இடமும், அவனுக்குத் துணை நிற்போம் என்று ஒரு சமூக அமைப்பின் கடிதமும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இடத்துக்குக் கவலையில்லை, அங்கிள் வீட்டுப் பின்னறை காலியாக இருந்தது. கடிதத்துக்குத்தான் அவசரக் கூட்டம் போட்டார்கள். கீழவையில் சுலபமாக நிறைவேறியது. மேலவையில் பரமேஸ்வரி அன்ரி எழுந்தார்.

"நாங்கள் எல்லாரும் விசா எடுத்துப் பிளேனிலை வந்தனாங்கள். எங்கடை மகன் அரசாங்க உத்தியோகத்திலை இருக்கிறான். நாளைக்கு ஏதும் எண்டா சங்கத்திலை உள்ள எல்லாற்றை பேரும் அடிபடும்."

அவர் பயந்துதான் பேசினார், கெட்ட மனதில் அல்ல. ஆனால் அந்தப் பயம் அறைக்குள் ஒவ்வொரு முகமாகத் தாவியதை நான் பார்த்தேன். வாக்கு எடுத்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது. சமநிலையை உடைக்க வேண்டிய உபதலைவர் கல்யாணத்துக்குக் கனடா போயிருந்தார். பிரேரணை தோற்றது. நான் ஆட்சிப்பகுதி. மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். எனக்கு வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது.

வியாழக்கிழமை காலை அங்கிள் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்று வேண்டும் என்றார். தாள்கள் என் பொறுப்பில் இருந்தன.

"எதுக்கு அங்கிள்?"

"சொல்ல மாட்டன். சொன்னா நீங்களும் கூட்டு."

கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார், வரும்போதே எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'சங்கத்தின் கடிதத்தாள் ஒன்றை எந்த அதிகாரமும் இன்றிப் பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து, தேதி.

"பத்திரமா வையுங்கோ. விசாரணைக்கு வேணும்," என்றார். "போட்டு வாறன்."

அன்று மத்தியானம் கடிதம் வழக்கறிஞரிடம் போய்விட்டது. தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் 'தலைமை நீதிபதி' என்று இவர் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. நாற்பத்தொரு பேர் கொண்ட சங்கத்துக்குத் தலைமை நீதிபதி இருப்பதைப் பார்த்து, அதைப் படித்த அதிகாரி என்ன நினைத்தாரோ. அன்று சாயங்காலமே, தன்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு ஒன்றை அங்கிள் தானே எழுதிச் சங்கத்தில் தாக்கல் செய்தார்.

எங்கள் தலைவர் ஒரு பல் வைத்தியர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. "விடுங்கோ அங்கிள், நான் மன்னிச்சுப்போட்டன்," என்றார்.

"உங்களுக்கு மன்னிக்கிற அதிகாரம் இருக்கு, டொக்டர். பதவிநீக்க வழக்கிலை மட்டும் இல்லை. அங்கையும் அப்பிடித்தான்."

இரண்டு நாள் கழித்துப் பரமேஸ்வரி அன்ரியின் பிரேரணை வந்தது. அந்தக் கடிதத்தைச் சங்கம் எழுதவில்லை, திரும்பப் பெறுகிறோம் என்று அரசுக்கு எழுத வேண்டும். கபிலனின் முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. இப்படி ஒரு கடிதம் போனால் அவன் கதி என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. அங்கிளின் குற்றச்சாட்டு முதலில் வந்ததால் முதலில் அதை எடுப்பது, பிறகு இதை எடுப்பது என்று முடிவாயிற்று.

அந்த வாரம்தான் ஏழாவது ஊரின் ஒப்புதல் வந்தது. நான் மேலவை உறுப்பினராகிவிட்டேன். ஆட்சிப்பகுதி ஊராகிவிட்டது. வாழ்த்துச் சொல்ல அங்கிள் போன் செய்யவில்லை. வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போகிறவரோடு குற்றம்சாட்டப்பட்டவர் பேசக்கூடாதாம்.

விசாரணை நாளன்று காலை, பரமட்டா போகும் ரயிலில் அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் புரட்டினேன். அவரை எப்படியாவது காப்பாற்ற ஒரு வரி கிடைக்காதா என்றுதான் தேடினேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் வேறொன்று கிடைத்தது. பதவிநீக்க வழக்கில் தண்டனை, பதவி போவதும் இனி எந்தப் பதவிக்கும் வர முடியாததும் மட்டுமே, அதற்கு மேல் போகக்கூடாது. இது அமெரிக்காவில் உள்ளது. அடுத்த வரி அவரே சேர்த்தது. தண்டனை கொடுத்து முடிந்த செயலைப் பற்றிச் சங்கத்தில் இன்னொரு பிரேரணை வரக்கூடாது. தட்டச்சு செய்தபோது எதற்கு இது என்று கேட்டது நினைவிருக்கிறது. ஒரு விசயத்துக்கு ஒரு மனுசனை ஒருக்காத்தான் அடிக்கலாம் என்றார். ஊரில் ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களை அவர் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, அவரை விடுவித்தால் பரமேஸ்வரி அன்ரியின் பிரேரணை உயிரோடு வரும். அவரைத் தண்டித்தால் விவகாரம் அதோடு மூடப்படும், கடிதம் நிற்கும். அறுபத்திரண்டு பக்கத்தையும் படித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். எழுதியவரும் தட்டச்சு செய்தவளும்.

கீழவை குற்றச்சாட்டை ஏற்றது. முதலில் தூக்கிய கை அவருடையது. மேலவையில் அன்று வாக்களிக்கப் பதினெட்டுப் பேர். இன்னொரு இந்திய உறுப்பினருக்கு ஷிஃப்ட், உபதலைவர் கனடாவிலேயே இருந்ததால் தலைமை தாங்கிய உறுப்பினருக்கு இந்த வழக்கில் வாக்கில்லை. மூன்றில் இரண்டு என்றால் பன்னிரண்டு. அங்கிள் முன்னால் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்தார். சலவைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். என் ரசீதைச் சாட்சியாக வாசித்தார்கள். பதில் உண்டா என்று கேட்டபோது எழுந்தார்.

"நான் செய்தது பிழை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. திரும்ப அப்பிடி ஒரு வெள்ளிக்கிழமை வந்தாலும் செய்வன். அப்பிடிப்பட்ட ஆளிட்டை முத்திரை இருக்கக்கூடாது."

ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். குற்றவாளி, குற்றவாளி, இல்லை, குற்றவாளி. பாட்டுப் போட்டியும் பஸ் இருக்கையும் பழி தீர்த்துக்கொண்டன. பரமேஸ்வரி அன்ரியும் அவர் கணவரும் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரே பதிலைச் சொன்னார்கள். பதினொன்று குற்றவாளி, ஆறு இல்லை. கடைசியாகச் சேர்ந்த ஊரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

என் பெயரைச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது செல்வாக்குச் செலுத்துவதாகிவிடும். இந்த வாக்கை எனக்கு வாங்கித் தருவதற்காக முட்டிவலியோடு ஒன்பது ஊர்க்காரர் வீட்டுப் படியும் ஏறிய மனிதர்.

"குற்றவாளி," என்றேன்.

எழுந்து, துணியில் சுற்றிய முத்திரையைத் தலைமை தாங்கியவரிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் வெளிப்படையாக அழுதுகொண்டிருந்தேன். "தண்ணி குடியுங்கோ பிள்ளை," என்று பாட்டிலை நீட்டினார். மூடியைச் சரியாகத் திருகாததில் பாதித் தண்ணீர் என் புடவையில் கொட்டியது.

பரமேஸ்வரி அன்ரி தன் பிரேரணையோடு எழுந்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்பத்தேழாம் பக்கத்தை வாசித்தேன். முதலில் சிரித்தது பல் வைத்தியர்.

"அப்ப அந்தக் கடிதம்?" என்றார் பரமேஸ்வரி அன்ரி.

"நிக்கும் அன்ரி."

திரும்பி வரும்போது அவர் மனைவி ஓட்டி வந்த காரில் கேட்டேன். "எல்லாம் திட்டம் போட்டுத்தானே செஞ்சீங்க அங்கிள்?"

"நான் பிழை செய்தனான். தண்டனை வந்தது. இதிலை என்ன திட்டம்?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

மூன்று வாரத்தில் கபிலன் வெளியே வந்தான். பின்னறையில் தங்கினான். நடந்தது எதையும் அவனிடம் சொல்லக்கூடாது என்று அங்கிள் எங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டார். உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லாததால் கேட்டுக்கொண்டார்.

அடுத்த பொங்கல் விழாவில் கபிலன் மேடையேறினான். கடன் வாங்கிய சட்டை. கையில் தாள் இல்லை. "நீங்கள் எல்லாரும் ஒரு மனதா எனக்குக் கடிதம் தந்தியள்," என்று தொடங்கினான். "உங்களிலை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. தெரியாத ஒருத்தனுக்காக ஒரு சங்கம் முழுக்கக் கை தூக்கியிருக்கு. நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்."

பல் வைத்தியர் தன் காலணியைப் பார்த்தார். பரமேஸ்வரி அன்ரி கீழே இறங்கி வந்த அவன் கையைப் பிடித்து, "எங்களாலை ஏலுமானது, தம்பி," என்று சொல்லிவிட்டு, பிடித்த கையை விடவே இல்லை. கடைசி வரிசையில், எந்தப் பதவிக்கும் வர முடியாத அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் கைதட்ட ஆரம்பித்தார்.